‘கண்டிஷன்’ என்பதற்கு என்ன சொல்: வானிலையா, அலைநிலையா, பரவுநிலையா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம். நம் கட்டுரையின் தலைப்பில் வரும் ‘கண்டிஷன்’ என்ற சொல்லுக்குத் தமிழ் தேடும் உரையாடலில் ஒருவர் எழுதியது:

> தலைப்பை ‘மோசமான வானிலையில் மலையுச்சியிலிருந்து நெடுந்தொலைவு ஹாம் ரேடியோத் தொடர்பு’ என்று மாற்றிவிட்டேன். ஆட்சேபணை இருந்தால் சொல்லவும்.

இருக்கிறது. ஹாம்கள், அதாவது உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும் அமெச்சூர்கள், ‘கண்டிஷன் சரியில்லை’ என்று சொன்னால் மழையையோ காற்றையோ சொல்வதில்லை. அனுப்பிய அலை போய்ச் சேர்கிறதா, எவ்வளவு தூரம் போகிறது, எத்தனை நிமிடம் தாங்குகிறது என்பதைச் சொல்கிறார்கள். வீட்டு மேசையிலிருந்து பேசுகிறவருக்கு இந்தக் குழப்பம் வராது. வெளியே மழை பெய்வதே அவருக்குத் தெரியாமல் போகலாம். மலைமேல் நிற்கிறவருக்கு இரண்டும் சேர்ந்து தலையில் விழும். அதனால்தான் வேறு எந்தக் கட்டுரையைவிடவும் இந்தக் கட்டுரைக்குச் சொல் பிரிந்து நிற்க வேண்டும் என்கிறேன்.

ஒரு காலை. மேகம் இல்லை, காற்று அசையவில்லை, ஆறு மீட்டர் கம்பம் நட்ட இடத்தில் நேராக நிற்கிறது. 14.062 மெகாஹெர்ட்ஸில், ஐந்து வாட்டில், மோர்ஸில் ‘யாராவது இருக்கிறீர்களா’ என்று கூப்பிடும் சிக்யூ தட்டிக்கொண்டே இருக்கிறீர்கள். ஒரு பதிலும் இல்லை. முந்தின இரவே பூமியின் காந்தப்புலம் கலங்கிவிட்டது; அந்தக் கலக்கத்தை 0 முதல் 9 வரை அளக்கும் கே எண் 6. வேறொரு நாள் சாரல் முகத்தில் அடிக்கிறது, கட்டுக்கயிறு தளர்ந்து கம்பம் வளைகிறது, விரல் மரத்துப்போய் மோர்ஸ் சாவியில் புள்ளியும் கோடும் குழம்புகின்றன. ஆனால் கூப்பிட்டவுடன் அடுத்த கண்டத்திலிருந்து 559, அதாவது ‘உங்கள் ஒலி கேட்கிறது’ என்ற தர எண், வருகிறது. ‘மோசமான வானிலை’ என்ற தலைப்பு இரண்டாவது நாளுக்குப் பொருந்தும். கட்டுரை பேசுவதோ முதல் நாளைப் பற்றி.

வானிலை ரேடியோவைத் தொடவே தொடாது என்று சொல்லவில்லை. மின்னூட்டம் ஏறிய மழைத்துளிகள் ஆண்டெனாக் கம்பியில் விழும்போது காதில் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் ஏறிக்கொண்டே போகும். காற்றில் பறக்கும் உலர்ந்த பனித்துகளும் அதையே செய்யும். ஆனால் அது நம் கம்பியில் பிறக்கும் இரைச்சல். அலை வந்த வழிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இடி கேட்டால் எந்தச் சொல்லும் வேண்டாம், கம்பத்தை இறக்கிவிட்டு இறங்க வேண்டியதுதான்.

சரி, வானிலை இல்லை என்றால் எது? இதுவரை வந்த அயனிநிலை, வானலைநிலை, அலைநிலை என்ற மூன்று சொற்களையும் மலைமேல் கொண்டுபோய் நிறுத்திப் பார்த்தேன்.

> அயனிநிலை என்று வைக்கலாமே. சிற்றலையைத் திருப்பி அனுப்புவது அயனி மண்டலம்தானே?

சிற்றலைக்குச் சரி. மேல் வளிமண்டலத்தில் மின்னூட்டம் ஏறிய பகுதிதான் அயனி மண்டலம்; அதன் எஃப்2 அடுக்கில் பட்டுத் திரும்பி ஒரே தாவலில் ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் வரை போகலாம், அதற்கு அயனி மண்டலம்தான் பொறுப்பு. ஆனால் மலையேறுகிறவர்களில் பலர் எடுத்துப்போவது 144 மெகாஹெர்ட்ஸ் கைக்கருவி. அங்கே பெரும்பாலும் கணக்கு வேறு. உயரம் மீட்டரில் இருந்தால், அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் ரேடியோ அடிவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். சுற்றுவட்டாரத்தைவிட 1,000 மீட்டர் உயரமான மலைக்கு 130 கிலோமீட்டர். அதே உயரத்தில் இரண்டு மலைகள் என்றால் 260. அதற்கு மேலே போவதெல்லாம் கீழ் வளிமண்டலத்தின் தயவு. குளிர்ந்த காற்றின்மேல் வெப்பக்காற்று படிந்து, நடுவில் அலை மாட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும். இதில் அயனி எங்கே வந்தது? அன்றைக்கும் ‘கண்டிஷன் பிரமாதம்’ என்றுதான் சொல்கிறோம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்த வெப்ப அடுக்குக்கு மேலே உங்கள் மலையுச்சி நீட்டிக்கொண்டிருந்தால், சமவெளியில் இருப்பவர்கள் ஜாலியாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். மேலே ஏறிய நீங்கள் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருப்பீர்கள். பாதி மலை இறங்கினால் கேட்கும்! உயரம் எப்போதும் லாபம் என்று கட்டுரையின் இரண்டாம் பத்தி சொல்வதை அப்படியே விட வேண்டாம்.

‘வானலைநிலை’யும் இதே இடத்தில் விழுகிறது. பாடப்புத்தகத்தில் வானலை என்றால் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலை. நாளிதழ்களில் வானலை என்றால் ஏலம் விடுகிற அலைக்கற்றை வரைக்கும் எல்லாமே. இரண்டும் நமக்கு உதவாது.

> அலைநிலை: வானிலை போலவே ஓசை, சுருக்கம், பார்த்ததும் புரியும்.

இந்தச் சொல்மேல் எனக்கும் ஆசை இருக்கிறது. சிற்றலை, மத்திய அலை, பண்பலை என்று ரேடியோத் தமிழில் ‘அலை’ ஏற்கெனவே குடியேறிவிட்டது. ‘அலைநிலை அறிக்கை’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கில் நன்றாகவே உட்காருகிறது. கடலலையோடு குழம்பும் என்று ஒருவர் எழுதியதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரேடியோக் கட்டுரையில் யாரும் மீன்பிடிக்கப் போவதில்லை.

இடிப்பது வேறு இடத்தில். பள்ளி இயற்பியலிலேயே ‘நிலை அலை’ இருக்கிறது. ஆண்டெனா சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்கும் எண்ணுக்கு ‘நிலையலை விகிதம்’ என்று நம் கலைச்சொல் அட்டவணையிலேயே போட்டிருக்கிறோம். மலைமேல் கம்பியை இழுத்துக் கட்டியதும் முதலில் பார்ப்பது அதைத்தான். ஆக, கட்டுரையில் இப்படி ஒரு வாக்கியம் வரும்: ‘நிலையலை விகிதம் 1.3 இருந்தும் அலைநிலை சரியில்லாததால் தொடர்பு கிடைக்கவில்லை.’ படிக்கும்போதே கண் தடுக்குகிறது. இதையே 145 மெகாஹெர்ட்ஸில் இரைச்சலுக்கு நடுவே ஒருவர் சொல்லி இன்னொருவர் எழுதிக்கொள்கிறார் என்று வையுங்கள். முதல் அசை இரைச்சலில் போய்விட்டால் எது எது என்று யாருக்குத் தெரியும்? ரேடியோவுக்கு ஆக்கும் சொல் ரேடியோவில் பிழைக்க வேண்டும்.

அதனால் என் முன்மொழிவு: பரவுநிலை.

வினைத்தொகை. பரவிய நிலை, பரவுகின்ற நிலை, பரவும் நிலை மூன்றும் அதற்குள் அடங்கும். நேற்று எப்படி இருந்தது, இப்போது எப்படி, மாலையில் எப்படி இருக்கும் என்று ஹாம்கள் பேசுவதும் அந்த மூன்று காலத்தைப் பற்றித்தான். காரணத்தை அது முன்கூட்டியே முடிவு செய்வதில்லை. அயனியோ, வெப்பக்காற்றோ, துருவ ஒளியோ, எதனால் பரவினாலும் பரவுநிலைதான்.

‘பரவல்’ என்றதும் நோய் ஞாபகம் வருகிறது என்று யாராவது சொல்வார்கள் என்று தெரியும். 2020-க்குப் பிறகு அந்தச் சொல்லுக்கு நேர்ந்த கதி அது. ஆனால் அங்கே புழங்குவது ‘பரவல்’. ‘பரவுநிலை’ இன்னும் யார் கையிலும் அழுக்காகவில்லை.

சொல்லைவிட வரையறையில்தான் நான் பிடிவாதமாக இருப்பேன். 2024 மே 10, 11 தேதிகளில் வந்த காந்தப் புயல் ஜி5 என்ற உச்சத் தரத்தைத் தொட்டது. 2003 அக்டோபருக்குப் பிறகு அந்தத் தரம் அப்போதுதான். கே எண் 9. வழக்கமாகத் துருவ ஒளி தெரியாத இடங்களிலும் வானம் சிவந்தது. இப்படிப்பட்ட புயலில் சிற்றலை பல திசைகளில் படுத்துவிடும். அதே நேரத்தில் துருவ ஒளித்திரையில் 144 மெகாஹெர்ட்ஸ் பட்டுச் சிதறி, மோர்ஸ் ஒலி தன் இன்னிசையை இழந்து வெறும் கரகரப்பாக வந்து சேரும். ஒருவருக்கு மோசமான இரவு, இன்னொருவருக்கு வருடக்கணக்காகக் காத்திருந்த இரவு. எனவே ‘இன்று பரவுநிலை மோசம்’ என்று மொட்டையாக எழுதக் கூடாது. எந்த பேண்டில் (அதிர்வெண் பட்டையில்), எந்தத் திசைக்கு, எந்த நேரத்தில் என்று சேர்த்தால்தான் அது தகவல்.

அப்புறம், நம் கருவியின் குறையை இதில் ஏற்றக் கூடாது. 100 வாட்டிலிருந்து 5 வாட்டுக்கு இறங்கினால் இழப்பு 13 டெசிபெல், அதாவது எதிர்முனையில் வரும் அலையின் வலிமையைக் காட்டும் எஸ் மீட்டரில் இரண்டு படிகளுக்குச் சற்று மேல். பைக்குள் அடங்கும் கருவியோடு மலையேறுகிறவர் இந்த இழப்பை வீட்டிலேயே ஒப்புக்கொண்டுதான் கிளம்புகிறார். பதில் வராத போதெல்லாம் ‘கண்டிஷன்’ மேல் பழிபோடும் பழக்கம் எங்கள் கூட்டத்தில் தாராளமாக உண்டு. பாதி நேரம் ஆண்டெனாவைக் கருவியோடு சேர்க்கும் பி.என்.சி. இணைப்பு கழன்றிருக்கும்.

பழி யார்மேல் என்று பார்க்க மலைமேலேயே ஒரு வழி இருக்கிறது. 14.100 மெகாஹெர்ட்ஸுக்குப் போய்க் காதைக் கொடுங்கள். உலகின் பல இடங்களில் இருக்கும் 18 வழிகாட்டி நிலையங்கள் பத்துப் பத்து வினாடியாக முறை வைத்து ஒலிக்கின்றன. மூன்று நிமிடத்தில் ஒரு சுற்று முடியும். ஒவ்வொன்றும் தன் அழைப்புக்குறியை அனுப்பிவிட்டு நான்கு நீண்ட கோடுகளைத் தட்டும்: 100 வாட், 10 வாட், 1 வாட், கடைசியில் 0.1 வாட். எத்தனையாவது கோடு வரைக்கும் காதில் விழுகிறது என்பதுதான் அந்தத் திசைக்கான அப்போதைய பரவுநிலை. மூன்றாவது கோடு கேட்கிறது என்றால் உங்கள் ஐந்து வாட்டுக்கும் அங்கே பதில் கிடைக்க நியாயம் இருக்கிறது. கிடைக்கவில்லை என்றால் கம்பியைப் பாருங்கள். முதல் கோடே இரைச்சலில் அமிழ்ந்து அமிழ்ந்து எழுகிறது என்றால் தேநீர்க் குடுவையைத் திறக்கலாம். இந்தப் பத்தியைக் கட்டுரையில் சேர்க்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். வரையறைக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

> ‘மோசமான’ என்பதற்கு? ‘செத்த பேண்ட்’ என்றே எழுதிவிடலாமா?

பேச்சில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம். எழுத்தில் ‘நலிந்த பரவுநிலை’ என்பேன். செத்தது என்றால் கதை முடிந்தது. ஆனால் குரலில் பேசுகிறவர் மூட்டை கட்டும் நேரத்தில் மோர்ஸ்காரர் இன்னும் பேசிக்கொண்டிருப்பார். அவரும் கைவிட்ட பிறகு 2017-இல் வந்த எஃப்டி8 என்ற கணினிவழி முறை, காது இரைச்சல் என்று தள்ளுவதிலிருந்து செய்தியை எடுத்துக்கொடுக்கும். எதற்கு நலிந்தது என்ற கேள்விக்கு இடம் வைக்கிற சொல்தான் வேண்டும்.

நெடுந்தொலைவுத் தொடர்பைக் குறிக்கும் ‘டிஎக்ஸ்’ பற்றிய நீண்ட சண்டையில் என் பங்கு சிறியது. நெடுந்தொடர்பு என்ற சொல்லைத் தொலைக்காட்சி நெடுந்தொடரிலிருந்து ஒரு ‘பு’தான் காப்பாற்றுகிறது. தொலைத்தொடர்பை வேறொரு துறை எடுத்துக்கொண்டுவிட்டது. டிஎக்ஸ், சிக்யூ, விடைபெறும்போது வாழ்த்தாகச் சொல்லும் 73 எல்லாம் சாவியில் தட்டுகிற குறிகள். அவற்றை அப்படியே விடுங்கள், விளக்க வேண்டிய இடத்தில் நெடுந்தொலைவுத் தொடர்பு என்று எழுதுங்கள். 14 மெகாஹெர்ட்ஸில் அது அடுத்த கண்டம், 144-இல் 400 கிலோமீட்டரே அந்தப் பெயருக்குப் போதும். ‘மலையுச்சி ஒலிபரப்பு’ மட்டும் வேண்டவே வேண்டாம். ஒலிபரப்பு பொதுமக்களுக்காகச் செய்வது. அமெச்சூர் உரிமத்தில் அதற்கு அனுமதி கிடையாது. சொல் தவறினால் படிக்கிறவர் சட்டத்தையே தவறாகப் புரிந்துகொள்வார்.

இரண்டு சொல்லும் ஒரே வாக்கியத்தில் வேண்டியிருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மார்க்கோனி அமெச்சூர் இல்லைதான், ஆனாலும் மலைக்கதைகளில் பழையது அவருடையது. 1901 டிசம்பரில் நியூஃபவுண்ட்லாந்தின் சிக்னல் ஹில் குன்றில் ஆண்டெனாவைத் தூக்கிப்பிடிக்கப் பட்டமும் பலூனும் கொண்டுபோனார். பலத்த காற்று பலூனைப் பிய்த்துக்கொண்டு போனது. 12-ஆம் தேதி பட்டத்தில் கட்டிய கம்பியில், இங்கிலாந்தின் போல்துவிலிருந்து வந்த மூன்று புள்ளிகளைக் கேட்டதாகச் சொன்னார். தூரம் ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். நேரமோ பகல், அத்தனை தாழ்ந்த அதிர்வெண்ணைப் பகலில் அயனி மண்டலத்தின் டி அடுக்கு விழுங்கிவிடும். அவர் கேட்டது உண்மையிலேயே அந்தப் புள்ளிகள்தானா என்று இன்றுவரை கேட்கிறார்கள். ‘வானிலையும் மோசம், பரவுநிலையும் நலிவு’ என்று எழுதினால் பட்டம் ஏன் தவித்தது, சந்தேகம் ஏன் தீரவில்லை என்ற இரண்டும் தனித்தனியே நிற்கின்றன. சந்தேகத்துக்குக் காற்று காரணமல்ல.

அட்டவணைக்கான வரைவு:

பரவுநிலை (பெயர்ச்சொல்): குறிப்பிட்ட அதிர்வெண் பட்டையில், குறிப்பிட்ட நேரத்தில், இரு இடங்களுக்கு இடையே ரேடியோ அலை சென்று சேர இயற்கைச் சூழல் எந்த அளவுக்கு இடம் தருகிறது என்பது. கருவியின் திறன், ஆண்டெனா, உள்ளூர் இரைச்சல் ஆகியவை இதில் சேரா. பயன்பாடு: நலிந்த பரவுநிலை, பரவுநிலை அறிக்கை, பரவுநிலை தேறியது.

தலைப்பு: ‘நலிந்த பரவுநிலையில் மலையுச்சியிலிருந்து நெடுந்தொலைவு ஹாம் ரேடியோத் தொடர்பு முயற்சிகள்’. கொஞ்சம் நீளம்தான். ‘முயற்சிகள்’ என்பதை மட்டும் சுருக்கத்துக்காக வெட்டிவிடாதீர்கள். கட்டுரையில் பாதித் தொடர்புகள் கிடைக்காமல் போனவை.

மீதி இருப்பது, ஒரு பேண்டில் தொடர்புக்கு வழி பிறப்பதைச் சொல்லும் ‘ஓபனிங்’. ‘பேண்ட் திறந்தது’ என்று பேச்சில் ஏற்கெனவே இருப்பதால் ‘திறப்பு’ போதும் என்று நினைக்கிறேன். ஆனால் திறப்பு விழாவும் கடை திறப்பும் நினைவுக்கு வருகிறது என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். அவருக்கு ‘வழித்திறப்பு’ ஒத்துவருமா என்று கேட்டுச் சொல்லவும்.