புதுப்பிப்பு: டிரெட்மில் சோதனைக்குப் பிறகு அக்கா

நாள்பட்ட சோர்வு நோய் உள்ள அக்காவுக்கு, நடக்கவைத்து இதயத்தைப் பார்க்கும் டிரெட்மில் சோதனை எழுதியிருக்கிறார்கள், போகலாமா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். யோசித்துச் செய்யச் சொன்னீர்கள். போய்விட்டோம்.

நாகர்கோவிலில் சோதனை நல்லபடியாக முடிந்தது. இதயத்தில் குறையில்லை என்றார்கள். தக்கலைக்குத் திரும்பும்போது பஸ்ஸில் பேசிக்கொண்டே வந்தாள். மறுநாள் சாயங்காலம்தான் விழுந்தாள். அப்புறம் 11 நாள் கட்டில்தான். சீப்பைத் தூக்கக்கூட கை வரவில்லை. "கொஞ்சம் நடந்தா சரியாயிரும் மக்களே" என்று சொல்லிவந்த அம்மாதான் இப்போது தலை சீவிவிடுகிறாள்.

இந்த நோயில் உடலை வருத்தினால் அதன் அடி பெரும்பாலும் உடனே விழுவதில்லை. 12 முதல் 48 மணி நேரம் கழித்து விழும். அதனால் ஒருநாள் சோதனையில் எல்லாம் சரியாகவே தெரியலாம். அடுத்தடுத்து இரண்டு நாள் சைக்கிள் மிதிக்கவைத்து, மூச்சில் ஆக்சிஜனை அளந்த ஆய்வுகள் உண்டு. ஆரோக்கியமானவர்கள் இரண்டாம் நாளும் ஏறக்குறைய அதே அளவை எட்டுகிறார்கள். நோயாளிகள் பலருக்கு அது குறைந்துவிடுகிறது. ஆனால் ஆளைச் சாய்த்துத்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்றால், எங்களுக்கு அது வேண்டாம்.

உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் சிகிச்சையைத் தரக்கூடாது என்று மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021இல் சொன்ன வழிகாட்டுதலை அச்செடுத்து டாக்டரிடம் கொடுத்தேன். பொறுமையாகப் படித்தார்.

இப்போது குளிக்கிற நாளில் அக்காவுக்கு வேறு வேலை கிடையாது. நேற்று திண்ணையில் 20 நிமிடம் உட்கார்ந்து மழை பார்த்தாள்.