ஈய வளையம் விழாத சேம்பர்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ஓஹையோவாசி:

இரண்டு வருடம் ஆகிறது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. என்னிடம் இருப்பது பியெட்டா கம்பெனி செய்த 1858 ரெமிங்டன், .44 இன்ச்: சிலிண்டரின் ஆறு சேம்பரிலும் (அறைகளிலும்) முன்னால் இருந்து கருமருந்தும் ஈயக் குண்டும் போட்டு, பேரலுக்குக் கீழே உள்ள லிவரால் அழுத்தும் ரிவால்வர். அதற்கு எப்போதும் .451 குண்டுதான். லிவரை அழுத்தும்போது சேம்பர் விளிம்பு ஈயத்தைச் சீவி, மெல்லிய வளையமாக வெளியே தள்ளும். அன்று ரேஞ்சில் பக்கத்து மேசைக்காரர் தன் உபெர்த்தி கம்பெனி 1860 ஆர்மி ரிவால்வரைக் கொடுத்து, சுட்டுப் பாருங்கள் என்றார். இதுவும் .44 தானே என்று என் பையில் இருந்த குண்டையே போட்டேன்.

மூன்று சேம்பரில் வளையமே விழவில்லை. லிவர் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கியது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். சேம்பர்களின் பின்னால் கேப் (சுத்தி அடித்தால் பொறி விடும் சிறு மூடி) மாட்டி முதல் குண்டைச் சுட்டேன். இரண்டாவதற்குச் சுத்தியை இழுத்தால் சிலிண்டர் பாதியில் நின்றுவிட்டது.

குனிந்து பார்த்தேன். பக்கத்துச் சேம்பரின் வாயிலிருந்து குண்டின் சாம்பல் நிற மூக்கு வெளியே நீட்டிக்கொண்டு பேரலில் முட்டி நின்றது. முதல் வெடியின் உதைப்பிலேயே நகர்ந்து வந்திருக்கிறது. அதற்குப் பின்னால் கருமருந்து இருக்கிறது, அதற்கும் பின்னால் கேப் மாட்டியிருக்கிறது. பேரலை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு ரேஞ்ச் அதிகாரியைக் கூப்பிட்டேன். அவர் பக்கவாட்டில் நின்று, கை சேம்பர் வாய்க்கு முன்னால் போகாமல், ஒரு மரக்குச்சியால் அதை உள்ளே தள்ளினார். அந்த அரை நிமிடம் எனக்கு இன்னும் கனவில் வருகிறது. உபெர்த்திக்கு .454 போட வேண்டும் என்று அதன்பிறகுதான் தெரிந்துகொண்டேன். உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

டெக்சாஸ் தமிழ்:

எனக்கு நடந்தது வேறு. 1851 நேவி ரிவால்வர், .36. ஒரு தடவை ட்ரிகரை இழுத்தேன், இரண்டு வெடித்தது. செயின் ஃபயர், அதாவது ஒரு சேம்பரின் நெருப்பு இன்னொன்றுக்கும் தாவுவது. பேரலுக்கு எதிரே இருந்த சேம்பரோடு அதன் இடப்பக்கத்துச் சேம்பரும் சேர்ந்து போனது. அந்தக் குண்டு பேரலை உரசிக்கொண்டு வெளியே போயிருக்கிறது. பேரலின் பக்கத்தில் ஈயம் வெள்ளிக் கோடாகப் படிந்திருந்ததைப் பார்த்தபோதுதான் என்ன நடந்தது என்றே புரிந்தது. இடது கை லிவருக்குக் கீழே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

எல்லோரும் நெருப்பு சேம்பரின் முன்பக்கம் வழியாகத் தாவியதுதான் காரணம் என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். .375 குண்டு, ஆறிலும் வளையம் விழுந்தது, மேலே கிரீஸும் தடவியிருந்தேன். ஆனால் கேப் தளர்வு. விரலால் அமுக்கிக் கிள்ளி மாட்டியிருந்தேன். நெருப்பு பின்னால் இருந்துதான் வந்தது.

ஈயச்சட்டி:

தமிழ் நண்பரே, பின்பக்கமும் காரணம் என்பது சரி. ஆனால் முன்பக்கம் காரணமே இல்லை என்று சொல்லாதீர்கள். வளையம் விழுந்துவிட்டால் முழுக்க அடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. வளையம் முழு வட்டமாக இருந்ததா என்று பார்த்தீர்களா? பாதி வட்டம் விழுந்து மறுபாதி விழவில்லை என்றால் அந்தப் பக்கம் சந்து இருக்கிறது. சொந்தமாக வார்க்கும் குண்டில் அச்சு வாயை வெட்டிய இடத்தில் ஒரு தட்டைத் தழும்பு இருக்கும். அதைப் பக்கவாட்டில் வைத்து அழுத்தினாலும் இதே கதைதான். தழும்பு நேர் மேலே இருக்க வேண்டும்.

என் அனுபவம் சின்னது. பழைய கார்களின் வீல் பேலன்ஸ் எடைகளை உருக்கிக் குண்டு வார்த்தேன். அதில் ஆன்டிமனி கலந்திருக்கும், சுத்த ஈயத்தைவிடக் கடினம். மூன்றாவது சேம்பரில் லிவர் இறங்கவில்லை. இன்னும் கொஞ்சம் என்று உடம்பைச் சாய்த்து அமுக்கினேன், லிவரைப் பிடித்திருந்த ஸ்க்ரூ பட்டென்று முறிந்தது. அவ்வளவுதான்.

இனி கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். இங்கே குண்டின் அளவு பற்றிப் பேச்சு வந்தது. பெரிய குண்டு வாங்கினால் குறி திருந்தும் என்று சிலர் சொல்வார்கள், அது பாதி உண்மை. .451 போட்டாலும் .454 போட்டாலும் உள்ளே போனபின் குண்டு சேம்பரின் அளவுக்கு வந்துவிடுகிறது. மிச்சம்தான் வளையமாக விழுகிறது. பெரிய குண்டில் கிடைக்கும் லாபம், சுவரைத் தொடும் பட்டை கொஞ்சம் அகலமாக இருக்கும். நன்றாக அடைக்கும், உதைப்பில் நகராது. பேரலுக்குள் நுழையும்போது குண்டின் குறுக்களவு என்ன என்பதைச் சேம்பர்தான் தீர்மானிக்கிறது.

என் பியெட்டாவில் சேம்பர் .446, குண்டைச் சுழற்றப் பேரலுக்குள் வெட்டியிருக்கும் வரிகளின் பள்ளத்திலிருந்து எதிர்ப் பள்ளத்துக்கு .451. அதாவது குண்டு பள்ளத்தைவிட ஆயிரத்தில் ஐந்து இன்ச் சிறியதாகப் போகிறது. ஈயம் மெத்தென்றிருப்பதால் வெடியின் அழுத்தத்தில் கொஞ்சம் விரியும், ஆனால் வரிகள் முழுசாகப் பிடிப்பதில்லை. 25 கஜத்தில் எனக்குச் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சிதறியது. சிலிண்டரைத் துப்பாக்கி வேலை தெரிந்தவரிடம் கொடுத்து ஆறு சேம்பரையும் .452க்கு ரீமர் (துளையை அகலமாக்கும் கருவி) போட்டு வாங்கினேன். இப்போது .454 குண்டு போடுகிறேன். சிதறல் பாதியாகிவிட்டது, மருந்தின் அளவை மாற்றவே இல்லை. வீட்டில் டிரில் வைத்துச் செய்துவிடாதீர்கள். சேம்பருக்கு வெளியே சிலிண்டரை நிறுத்திப் பூட்டும் பள்ளங்கள் இருக்கின்றன, அங்கே சுவர் மெல்லியது.

ரூகர் ஓல்ட் ஆர்மி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. 1972 முதல் 2008 வரை செய்தார்கள். அதற்கு .457 குண்டு. சேம்பரையும் பேரலையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி செய்திருக்கிறார்கள், அதனால்தான் அதன் குறிக்கு இவ்வளவு நல்ல பெயர்.

பேரலை அளப்பது சுலபம். முதலில் துப்பாக்கி காலி என்று இருமுறை பாருங்கள். சிலிண்டரைக் கழற்றி, எண்ணெய் தடவி, மெத்தென்ற ஈயக் குண்டு ஒன்றை மரக்குச்சியால் தட்டி பேரல் முழுக்க ஓட்டி எடுங்கள். அதில் எதிரெதிரே பதிந்திருக்கும் மேடுகளை மைக்ரோமீட்டரில் அளந்தால் பள்ளத்தின் அளவு. பள்ளங்கள் ஒற்றைப்படையில் இருந்தால் மேட்டுக்கு எதிரே மேடு வராது, அளவு குறைவாகக் காட்டும். அதையே நம்பி ரீமர் போட்டுவிடாதீர்கள்.

டெக்சாஸ் தமிழ்:

வளையம் முழு வட்டமா என்று பார்க்கவில்லை. அது உண்மைதான். ஆனாலும் கேப் தளர்வாக இருந்தது என்பதை நான் விடமாட்டேன், கண்ணால் பார்த்தேன்.

புது உறுப்பினர்_ஜார்ஜியா:

கடையில் ".36" என்று எழுதியிருந்த டப்பாவை வாங்கி வந்து நேவியில் போட்டேன். உள்ளே .350 குண்டு. அது துணி சுற்றிப் போடும் ரைஃபிளுக்கு உண்டானது என்று தெரியாது. குண்டு சேம்பருக்குள் டொக் என்று விழுந்தது. பேரலைக் கொஞ்சம் சாய்த்தேன், உருண்டு மேசை மேல் வந்துவிட்டது, பின்னாலேயே மருந்தும் கொட்டியது. .36 என்ற பெயருக்கு ஏன் .375 குண்டு என்று யாரும் சொல்லித் தரவில்லை. வரி வெட்டுவதற்கு முன் இருந்த துளையின் அளவுதான் அந்தப் பெயர் என்று பிறகு படித்தேன்.

இண்டியானா அக்கா:

ஈயச்சட்டி தம்பி சொன்னது எல்லாம் சரி, ஆனால் இவ்வளவு அளவெடுக்காமலே ஒருவர் எனக்குக் காட்டியதைச் சொல்கிறேன். இங்கே இண்டியானாவில் ஃப்ரெண்ட்ஷிப் என்ற ஊரில் ஆண்டுக்கு இருமுறை, முன்னால் இருந்து மருந்து நிரப்பும் துப்பாக்கிக்காரர்கள் கூடுவார்கள். அங்கே எனக்கு அடுத்த இடத்தில் ஒரு பெரியவர். ஒவ்வொரு சேம்பரையும் அழுத்தியதும் விழுந்த வளையத்தை ஊதித் தள்ளாமல், முள்வாங்கியால் எடுத்து ஒரு கறுப்புத் துணியின் மேல் வரிசையாக வைத்தார். ஆறு வளையம். ஐந்து ஒரே தடிமன். ஆறாவது தலைமுடி போல மெல்லியது, ஒரு பக்கம் அறுந்தும் இருந்தது.

என்னிடம் எதுவும் சொல்லவில்லை, விரலால் அதை மட்டும் தொட்டுக் காட்டினார். அந்தச் சேம்பருக்குக் கேப் மாட்டவில்லை. ஐந்தைச் சுட்டார், எல்லாம் இலக்கின் கறுப்பு வட்டத்துக்குள். பிறகு சிலிண்டரைக் கழற்றி அந்தச் சேம்பருக்குப் பக்கத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்தார்.

நானும் அன்றிலிருந்து கறுப்புத் துணி விரிக்கிறேன். என் 1860இல் ஒரு சேம்பர் மற்றவற்றைவிடச் சற்று அகலம் என்பது அப்படித்தான் தெரிந்தது. மேலே இடப்பக்கம் எகிறிப் போகும் அந்த ஒரு குண்டை நான் மூன்று வருடம் என் கை நடுக்கம் என்று நினைத்திருந்தேன்.

ஓஹையோவாசி:

அக்கா, இதைப் படித்துவிட்டு நேற்று அந்த நண்பரின் வீட்டுக்கே போனேன். அவருடைய 1860இன் காலி சேம்பர்களை இருவருமாக அளந்தோம். மூன்று .449, மூன்று .4505. வளையம் விழாதவை அகலமான அந்த .4505 மூன்றும்தான் என்று நினைக்கிறேன். அவர் .454 குண்டு ஒரு டப்பா வாங்கி வைத்திருக்கிறார். சனிக்கிழமை போகிறோம், கறுப்புத் துணி எடுத்துக்கொண்டு.