விரிந்த மூலையில் ஸ்கர்ட்டிங் பலகை சேரவில்லை: மைட்டர் வாளில் எத்தனை பாகை வைப்பது?

கேள்வி (அப்புத்தளை)

வணக்கம். இங்கே தோட்டத்துரைமார் காலத்துப் பழைய பங்களா ஒன்றில், முன்னறைச் சுவர் வெளியே பிதுங்கி மூன்று ஜன்னல்களாகத் திரும்பும் இடத்துக்கு ஸ்கர்ட்டிங் பலகை (சுவரடியோடு ஓடும் பலகை) அடித்துக்கொண்டிருக்கிறேன். பலகை நான்கு அங்குல உயரம், முக்கால் அங்குலத் தடிப்பு. செங்கோண மூலைகளுக்கு மைட்டர் வாள் மெசினை (பலகையைச் சாய்வாக அறுக்கும் மின்வாள்) 45இல் வைத்து வெட்டினேன், குறையில்லாமல் சேர்ந்தன. ஜன்னல் பக்கத்து உள்மூலையை அளந்தபோது பாகைமானி 137 காட்டியது. அதில் பாதி 68.5; என் மெசினோ 50க்கு மேல் திரும்பாது. ஆகவே 180இலிருந்து 137ஐக் கழித்து, 43இல் வைத்து வெட்டினேன். சுவரோரத்தில் இரண்டு நுனிகளும் தொட்டுக்கொண்டிருக்க, முன்பக்கம் விரல் நுழையும் அளவுக்கு வாய் திறந்து நிற்கிறது. பிழை எங்கே? மீதமிருப்பது இரண்டு பலகைகள்தான்.

மறுமொழி (பண்டாரவளை)

தம்பி, கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அந்த 43ஐ இரண்டு பலகைகளும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 21.5.

முதலில் கண்ட 68.5 பிழையான எண்ணல்ல. அது பலகையின் நீள விளிம்பிலிருந்து எண்ணிய சாய்வு. மெசினின் அளவுகோலோ, பலகையைக் குறுக்கே நேராக அறுக்கும் நிலையைப் பூச்சியமாகக் கொண்டு அங்கிருந்து எண்ணுகிறது. 90இலிருந்து 68.5ஐக் கழித்துப் பாருங்கள், அதே 21.5தான் வரும். செங்கோண மூலையில் எப்படி எண்ணினாலும் 45 என்றே வருவதால், பல வருடம் வேலை செய்தவருக்கும் இந்த வேறுபாடு கண்ணில் படுவதில்லை. எனக்கே எட்டு முகப் பூந்தொட்டிப் பெட்டி ஒன்றைச் செய்து, பலகைகளை வீணாக்கிய பிறகுதான் உறைத்தது. எட்டு முகத்தின் உள்மூலை 135, மெசினில் 22.5, ஆறு முகமென்றால் மூலை 120, மெசினில் 30.

மறுமொழி (தலவாக்கலை)

கணக்கு சரியே. ஆனால் அந்த 137ஐ நான் நம்பமாட்டேன். பழைய சுவர்களில் மூலையருகே சாந்து திரண்டிருப்பதுண்டு. சிறிய பாகைமானியை அங்கே வைத்தால் அது சாந்தின் கோணத்தைத்தான் சொல்லும்.

நான் எண்ணே பார்ப்பதில்லை. தரையில் ஒரு காட்போட் மட்டையை விரித்து, ஓரம் நேரான இரண்டடித் துண்டொன்றைச் சுவரோடு ஒட்டிவைத்து, அதன் முன் விளிம்பையும் பின் விளிம்பையும் பென்சிலால் மூலையைத் தாண்டும்படி கோடிழுப்பேன். பிறகு அதே துண்டை அடுத்த சுவரில் வைத்து அப்படியே கோடிழுப்பேன். முன்கோடுகள் வெட்டும் புள்ளியையும் பின்கோடுகள் வெட்டும் புள்ளியையும் இணைத்தால், அதுதான் இரண்டு பலகைகளும் சேரவேண்டிய கோடு. அந்தச் சாய்வைச் சாய்மட்டத்தில் (கோணத்தைப் பிடித்துவைக்கும் கருவி) பிடித்து, மின்சாரத்தைக் கழற்றிவிட்டு, வாளின் தட்டோடு பொருத்தி மெசினைப் பூட்டுவேன். நல்ல பலகையைத் தொடுமுன் கழிவுத் துண்டு இரண்டில் வெட்டிப் பாருங்கள். துண்டு ஓரடிக்குக் குறைந்தால் கையால் பிடிக்க வேண்டாம், கிளாம்ப் போடுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. மட்டையில் வரைந்து பார்த்தபோது இடது மூலை 137 என்பது சரியாகவே இருந்தது. வலது மூலைதான் 133.5. இரண்டும் ஒன்றென்று நான் எடுத்துக்கொண்டிருந்தேன். இடதுக்கு 21.5, வலதுக்கு 23.25 வைத்து வெட்டிய கழிவுத் துண்டுகள் கச்சிதமாகச் சேர்ந்தன. ஆனால் ஜன்னல் சுவர் அறைச் சுவரோடு சேரும் வெளிமூலைக்கு வெட்டும்போது சாய்வு எதிர்ப்புறமாகிவிட்டது. ஒரு பலகை போயிற்று. நடுப்பலகையின் நீளத்தை எப்படி அளப்பது என்பதையும் சொல்லுங்கள் ஐயா.

மறுமொழி (பண்டாரவளை)

அந்தப் பலகையை எறிந்துவிடாதீர்கள், குறுகிய பக்கச் சுவருக்கு உதவும். உள்மூலையில் சுவர்ப் பக்கம் நீளமாகவும் முன்பக்கம் குட்டையாகவும் இருக்கவேண்டும். வெளிமூலையில் அது தலைகீழ். வெட்டுமுன் நீளமாக நிற்கவேண்டிய பக்கத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுக்கொள்ளுங்கள். வெளிமூலை அறைப்பக்கத்திலிருந்து 224 என வந்தால், 180 போக மிஞ்சும் 44இல் பாதி, அதாவது 22 வைத்து, மேசையை மறுபக்கம் திருப்புங்கள்.

நடுப்பலகையின் இரு முனையும் உள்மூலை என்பதால், சுவரின் நீளமே பலகையின் பின்பக்க நீளம். அதற்கு மேல் அரை நூல் (அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு) கூட்டி வெட்டி, நடுவில் சற்று வளைத்து உள்ளே தள்ளினால் இரு மூலைகளையும் அதுவே நெருக்கிக்கொள்ளும்.

மறுமொழி (தலவாக்கலை)

இன்னொன்று. பலகை மழைநாளில் இறக்கியதென்றால், அந்த அறையிலேயே இரண்டு மூன்று வாரம் இடைக்கட்டை வைத்து அடுக்கிவிட்டுப் பிறகு வெட்டுங்கள். மரம் காயும்போது தடிப்பிலும் அகலத்திலும் சுருங்கும், நீளத்தில் ஏறக்குறைய சுருங்காது. அதனால் வெட்டிய சாய்வு மாறி, உள்மூலையில் கண்ணுக்குத் தெரியும் முன்பக்கமே மறுபடி வாய் திறக்கும்.