1746இல் ஸ்காட்லாந்தின் கலோடன் போரில், ஹைலேண்டர்கள் (ஸ்காட்லாந்து மலைநாட்டுக் கிளர்ச்சிப் படையினர்) அரசுப் படைமீது நடத்திய பாய்ச்சலை முறியடித்தது எது?

வாள்முனை:
பயனெட் (துப்பாக்கி முனையில் பொருத்தும் குத்துக்கத்தி) பயிற்சிதான் என்பேன். ஹைலேண்டர்கள் கிட்டே வந்து ஒருமுறை சுடுவார்கள், துப்பாக்கியைப் போட்டுவிட்டு வாளை உருவிக்கொண்டு ஓடிவருவார்கள். 1689இல் கில்லிகிராங்கிப் போரில் அரசுத் தளபதி மக்கேயின் படையிடம் இருந்தது குழாய்க்குள் செருகும் பயனெட். செருகிவிட்டால் சுட முடியாது. செருகி முடிப்பதற்குள் வாள் தலைக்கு மேல் வந்துவிட்டது. 1746 ஏப்ரலில் கலோடனுக்கு வந்த அரசுத் தளபதி கம்பர்லண்டின் ஆட்கள் வேறு பாடம் படித்திருந்தார்கள்: நேரே வருபவனை விட்டுவிடு, உனக்கு வலப்பக்கம் வருபவனைக் குத்து. கேடயம் அவனுடைய இடக்கையில், வாளை ஓங்கினால் வலது அக்குள் திறந்துகிடக்கும்.

மேட்டுநிலம்:
அந்த வரிசையும் உடைந்ததே! ஹைலேண்டர்கள் முன்வரிசையில் நின்ற பாரல் படைப்பிரிவுக்குள் புகுந்து வெட்டினார்கள். அதில் மட்டும் 17 பேர் சாவு, 108 பேர் காயம். உள்ளே வந்தவர்களை முடித்தது பின்வரிசையும், பக்கவாட்டில் இருந்து சுட்ட உல்ஃப் படைப்பிரிவும். அதற்கு முன்பே பீரங்கிச் சிதறுகுண்டு பலரைத் தின்றிருந்தது. ஹைலேண்டர்களுக்கு முந்தின நாள் ஆளுக்கு ஒரு பிஸ்கட், இரவெல்லாம் நேர்ன் ஊரில் இருந்த எதிரி முகாமை நோக்கி வீண் நடை, காலையில் சதுப்பு நிலத்தில் ஓட்டம். இதையெல்லாம் விட்டுவிட்டுப் பயிற்சியைப் பேசுவது சரியில்லை.

வாள்முனை:
பின்வரிசை வந்துசேரும்வரை பாரல் ஆட்கள் ஓடாமல் நின்றார்களே, அதைத்தான் சொல்கிறேன். மூன்று மாதம் முன்பு ஃபால்கர்க் போரில் அரசுத் தளபதி ஹாலியின் படையில் பெரும்பகுதி நிற்கவில்லை. அங்கும் சுட்டுக்கொண்டே குத்தக்கூடிய புது பயனெட்தான்.

மேட்டுநிலம்:
ஃபால்கர்க்கில் மழையில் வெடிமருந்து நனைந்துபோனது, பாய்ந்தவர்களுக்கு மேட்டுச் சரிவும் கிடைத்தது. பாய்ச்சலின் உயிரே அந்த ஓட்டத்தில்தான். அதை மறித்தால் போதும் என்பதற்கு டன்கெல்ட் ஊரில் நடந்த சண்டை சாட்சி. கில்லிகிராங்கி நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கேமரோனியர் என்ற புது அரசுப் படைப்பிரிவு சுவர்களுக்குப் பின்னே நின்று, தங்களைவிடப் பல மடங்கு பேரைத் தடுத்தது. தளபதி கிளீலண்ட் தொடக்கத்திலேயே இறந்துவிட்டார். குண்டு தீர்ந்தபோது கூரையில் இருந்த ஈயத்தைப் பிய்த்து, உருக்கி வார்த்துச் சுட்டார்கள்.

வாள்முனை:
டன்கெல்டில் சுவர் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். கலோடன் வெட்டவெளி. அங்கே பாரல் ஆட்களுக்கு முன்னால் இருந்தது பக்கத்தில் நிற்பவன் தனக்காகக் குத்துவான் என்ற நம்பிக்கை மட்டும்தான். அதைக் கொடுத்தது பயிற்சி.