ஒரு மாதம் ஓடாமல் நிற்கப்போகும் கார்: பற்றரியை வீட்டிலேயே கழற்றிப் பூட்டுவது எப்படி?

வெள்ளவத்தைவாசி:
நல்லூர்த் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு ரெயினில் ஊருக்குப் போகிறோம். கார் ஃபிளாட்டின் கீழ்த்தளத்தில் ஒரு மாதமளவில் அசையாமல் நிற்கும். ரொயோட்டா விற்ஸ், 2012, ஹைபிரிட் இல்லை. பற்றரியைக் கழற்றிவிட்டுப் போகச் சொல்கிறார்கள். எந்த வயரை முதல் கழற்றுவது, பூட்டும்போது எது முதல், ஏன் அப்படி? ஈசீயு (எஞ்சினின் கம்ப்யூட்டர்), பவர் விண்டோ, பாட்டுக் கேட்கும் செற் எல்லாம் குழம்புமா? பிளஸ் முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறது. அதையும் இத்தோடு துப்பரவாக்க விருப்பம். கையில் இருப்பது ஸ்பனர் செற்றும் ஒரு மல்ரிமீற்றரும். தங்கையின் ஹைபிரிட் கார், ரொயோட்டா அக்குவாவும் பக்கத்தில்தான் நிற்கும். அதற்கும் இதே முறைதானா?

பத்தாம்நம்பர்:
கழற்றத்தான் வேணும். சாவியை எடுத்துக் கதவைப் பூட்டின பிறகும் மணிக்கூடு, ஈசீயு, ரிமோட் றிசீவர் எல்லாம் சேர்ந்து 20 முதல் 50 மில்லி அம்பியர் வரை இழுத்துக்கொண்டே இருக்கும். 30 என்று வையுங்கோ: நாளுக்கு 0.72 அம்பியர் மணி, திருவிழாவின் 25 நாளுக்கு 18. விற்ஸுக்குப் பலரும் போடும் 46பி24எல் பற்றரியின் கொள்ளளவே 36தான். பாதி போய்விடும். பார்க்கிங் மோடில் டாஷ்காம் விட்டிருந்தால் ஒரு கிழமையே தாங்காது. பாதி சார்ஜில் கனநாள் நின்றால் தகட்டில் சல்பேற் இறுகும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு வராது.

ஒழுங்கு இதுதான்: மைனஸ் முதல் கழரும், கடைசியாகப் பூட்டும். காரின் பொடி (இரும்பு உடல்), எஞ்சின், பொனற் எல்லாம் மைனஸோடு சேர்ந்தவை. மைனஸ் பூட்டியிருக்கும்போது பிளஸ் நட்டில் ஸ்பனரைப் போட்டு, அதன் மறுமுனை பொடியில் எங்காவது முட்டினால் பற்றரி முழுதாக ஷோர்ட் ஆகும். நூற்றுக்கணக்கான அம்பியர் அந்த ஸ்பனர் வழியே ஓடும். ஸ்பனர் ஒட்டிச் சிவக்கும், மோதிரம் இடையில் அகப்பட்டால் விரலோடு வேகும். மைனஸில் ஸ்பனர் வைத்துப் பொடியில் முட்டினால் ஒன்றும் நடக்காது, இரண்டும் ஒரே பக்கம். மைனஸைக் கழற்றிவிட்டால் பிளஸ் பொடியில் முட்டினாலும் கரண்ட் திரும்ப வழியில்லை.

இனி வேலை. ஓடி வந்த கையோடு தொடவேண்டாம். சார்ஜ் ஏறும்போது பற்றரி ஹைட்ரஜன் விடும். காற்றில் 4 வீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். அரை மணித்தியாலம் பொனற்றைத் திறந்து விடுங்கோ. சிகரெட் கிட்டவும் வேண்டாம். மோதிரம், மணிக்கூடு, கைச்சங்கிலி கழற்றி, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கோ. லைற், ஏசி, செற் எல்லாம் ஓஃப். சாவி காருக்குள் இருக்கக்கூடாது, உங்கள் சட்டைப்பையில் இருக்கவேணும். சாவியை எடுத்து இரண்டு மூன்று நிமிடம் பொறுத்துத் தொடங்குங்கோ.

மைனஸ் கிளாம்பின் நட் 10 மில்லிமீற்றர். முழுதாகக் கழற்றத் தேவையில்லை, இரண்டு சுற்றுத் தளர்த்தினால் போதும். கிளாம்பை இடம் வலமாக மெதுவாக அசைத்து மேலே தூக்குங்கோ. ஸ்க்ரூட்ரைவரை விட்டு நெம்பினால் ஈயத்தால் ஆன முனை பற்றரி மூடியோடு சேரும் இடத்தில் விரிசல் விழும். பிறகு அங்கேயிருந்து அசிற் கசிந்துகொண்டே இருக்கும். கழற்றின கேபிள் தானாக வளைந்து திரும்பவும் முனையில் முட்டும். அதனால் அதைத் துணியால் சுற்றிப் பக்கவாட்டில் கட்டிவிடுங்கோ. நிறுத்தி வைப்பதற்கு மட்டும் என்றால் இவ்வளவும் போதும், பிளஸைத் தொடத் தேவையில்லை.

போகமுதல் மல்ரிமீற்றரில் பாருங்கோ. கார் சில மணித்தியாலம் சும்மா நின்ற பிறகு 12.6 வோல்ற் காட்டினால் நிறை சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் அரை. 12.4க்குக் கீழே இருந்தால் சார்ஜ் போட்டுவிட்டுத்தான் கழற்றவேணும்.

கடல்காத்து:
பூத்திருப்பதைப் பற்றி. மரைன் டிரைவ் பக்கத்து வீடுகளில் இது சீக்கிரம் வரும்: பற்றரியின் அசிற் ஆவி ஒரு பக்கம், உப்புக்காற்று ஒரு பக்கம். வெள்ளைத் தூள் ஈய சல்பேற், பச்சையும் நீலமும் செப்பு வயர் அரிபட்டு வருவது. பச்சை கூடுதலாக இருந்தால் கேபிளின் உறைக்குள்ளும் செப்பு கறுத்திருக்கலாம். உறையின் ஓரத்தைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கோ. செப்புக் கம்பிகள் தொட உதிர்ந்தால் துப்பரவாக்கிப் பயனில்லை. வாகன உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையில் புதுக் கிளாம்பும் கேபிளும் வாங்கிப் போடுவதுதான் சரி.

துப்பரவாக்க இரண்டையும் கழற்றவேணும்: மைனஸ், பிறகு பிளஸ். ஒரு கோப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கோ. அசிற் இருக்கும் இடமெல்லாம் நுரைக்கும். நுரை அடங்கினால் அசிற் நடுநிலையாகிவிட்டது. மேலே செல் மூடிகள் இருந்தால் எல்லாம் இறுகப் பூட்டியிருக்கவேணும். சோடாக்கரைசல் ஒரு செல்லுக்குள் போனால் அந்தச் செல்லின் அசிற் கெட்டுவிடும். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடுங்கோ. முனையையும் கிளாம்பின் உட்பக்கத்தையும் மெல்லிய மண்கடுதாசியால் ஈயம் மினுங்கும் வரைக்கும் தேய்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம். கன தடவை தேய்த்தால் முனை மெலிந்து கிளாம்ப் பிடிக்காது. வாஸ்லின் பூசுவது கிளாம்பைப் பூட்டி இறுக்கின பிறகு, வெளிப்பக்கத்துக்கு.

அந்தத் தூளைக் காய்ந்தபடி ஊதவேண்டாம், ஈயம் சுவாசத்தோடு போகும். ரப்பர் கையுறை போடுங்கோ. அசிற் கண்ணில் பட்டால் 15 நிமிடத்துக்குக் குறையாமல் ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே கண் ஆஸ்பத்திரிக்குப் போகவேணும். வாகனம் இல்லாவிட்டால் 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு எடுங்கோ.

வெள்ளவத்தைவாசி:
நன்றி அண்ணாமார். இரண்டு சந்தேகம். திரும்பப் பூட்டும்போது பொறி பறந்தால் பிழையா? மற்றது, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது மைனஸைக் கழற்றி, எஞ்சின் நிற்காவிட்டால் ஓல்ரனேற்றர் (எஞ்சின் ஓடும்போது பற்றரிக்குச் சார்ஜ் போடும் பகுதி) நல்லது என்று ஒருவர் சொன்னார். போகமுதல் அதையும் பார்த்துவிடலாமா?

பத்தாம்நம்பர்:
இரண்டாவதை ஒருக்காலும் செய்யவேண்டாம், தம்பி. ஓல்ரனேற்றரின் வோல்ற்றேஜ் எகிறாமல் பிடித்து வைப்பதில் பற்றரிக்குப் பெரிய பங்கு. ஓடும்போது அதை அறுத்தால் ஒரு கணத்தில் பல மடங்கு ஏறி, ஓல்ரனேற்றரின் டயோட்டையும் ஈசீயுவையும் கொண்டுபோகும். காபரேற்றர் காலத்துக் கார்களோடு நிற்கவேண்டிய பழக்கம் அது. உங்களிடம் மல்ரிமீற்றர் இருக்கிறது. எஞ்சினை ஓடவிட்டு பற்றரி முனைகளில் பாருங்கோ, 13.8 முதல் 14.5 வரை காட்டினால் ஓல்ரனேற்றர் சார்ஜ் பண்ணுகிறது.

மைனஸைக் கடைசியாகத் தொடும்போது சின்னப் பொறி வரும், அது சாதாரணம். உள்ளே இருக்கும் கப்பாசிற்றர்கள் நிரம்புகின்றன. ஆனால் தொட்டுத் தொட்டுப் பார்க்கவேண்டாம், ஒரே அழுத்தாக உட்காரவையுங்கோ. பெரிய பொறி 'படார்' என்று வந்தால் நிறுத்துங்கோ: கதவு திறந்திருக்கும், ஏதாவது ஓனில் இருக்கும், இல்லாவிட்டால் முனை மாறியிருக்கும். பிளஸும் மைனஸும் மாறினால் ஒரு செக்கன் போதும், மெயின் ஃபியூஸும் டயோட்டும் போய்விடும். பிளஸ் முனை மைனஸை விடக் கொஞ்சம் தடிப்பு. கிளாம்ப் இலகுவாக இறங்காவிட்டால் அடித்து இறக்கவேண்டாம், முதலில் எந்தக் கேபிள் என்று பாருங்கோ.

கிளாம்ப் முனையின் அடிவரை இறங்கவேணும். இறுக்கம் 5 அல்லது 6 நியூட்டன் மீற்றர், அதாவது சின்ன ஸ்பனரைக் கிட்டப் பிடித்துக் கைமணிக்கட்டால் இறுக்கும் அளவு. கையால் திருகிப் பார்த்து அசையாவிட்டால் சரி. பற்றரியைப் பிடித்து வைத்திருக்கும் இரும்புப் பட்டியையும் பாருங்கோ. தளர்ந்திருந்தால் குலுங்கித் தகடு உதிரும், சரிந்தால் பிளஸில் முட்டும்.

ஹைபிரிட்கராஜ்:
அக்குவாவுக்கு அதே முறை என்று எண்ணவேண்டாம். அதன் 12 வோல்ற் பற்றரி பின் ஆசனத்துக்கு அடியில், வலப்பக்கம். செம்மஞ்சள் உறை போட்ட கேபிள் எதையும் தொடக்கூடாது. அது காரை ஓட்டும் பெரிய ஹைபிரிட் பற்றரியின் உயர் வோல்ற்றேஜ் பக்கம். 12 வோல்ற் பற்றரி காருக்குள் இருப்பதால் அதிலிருந்து ஒரு சின்னக் குழாய் வாயுவை வெளியே கொண்டுபோகும். கழற்றிப் பூட்டினால் அந்தக் குழாயைத் திரும்பச் செருக மறக்கவேண்டாம். அதே காரணத்தால் அங்கே சாதாரணப் பற்றரி போடக்கூடாது.

அக்குவாவை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. கிழமைக்கு ஒருக்கால் பிரேக்கை மிதித்து 'ரெடி' விளக்கு வரும்படி போட்டு ஒரு மணித்தியாலம் விடட்டும். பெரிய பற்றரியும் சின்னதும் சேர்ந்து ஏறும். பிரேக்கை மிதிக்காமல் பட்டனை அமத்தி வெறும் 'ஓன்' நிலையில் விட்டால் சின்னப் பற்றரி இறங்கும், ஏறாது. எஞ்சின் இடைக்கிடை தானாக ஓடும் என்பதால் மூடிய கீழ்த்தளத்தில் இதைச் செய்யவேண்டாம், காரை வெளியே எடுக்கவேணும். ஸ்மார்ட் சாவியைக் காருக்குத் தள்ளி வையுங்கோ. கிட்ட இருந்தால் இரண்டும் பேசிக்கொண்டே இருக்கும்.

கடல்காத்து:
திரும்பி வந்து பூட்டின பிறகு விற்ஸில் நடப்பது. ஈசீயு தான் பழகின ஐடில் அளவை (அக்சிலேற்றர் மிதிக்காமல் எஞ்சின் ஓடும் வேகம்) மறந்திருக்கும். ஏசி, லைற் ஓஃபில், அக்சிலேற்றரைத் தொடாமல், ரேடியேற்றர் ஃபான் ஒருக்கால் சுற்றி நிற்கும் வரை ஓடவிடுங்கோ. பிறகு ஏசி போட்டு ஐந்து நிமிடம். அதற்குப் பிறகும் சிக்னலில் எஞ்சின் நின்றால் எஞ்சினுக்குக் காற்றை விடும் த்ரொட்டில் பொடியில் கரி படிந்திருக்கும். ஈசீயு அதைச் சரிக்கட்டி ஓட்டிக்கொண்டிருந்தது, மறந்ததும் வெளிப்பட்டுவிட்டது. பற்றரிமேல் பழிபோடாமல் த்ரொட்டிலைத் துப்பரவாக்குங்கோ.

சாரதி ஜன்னலின் ஓட்டோ வேலை செய்யாவிட்டால் பாதிக்கு இறக்கி, சுவிச்சை மேலே இழுத்து மூடி, மூடின பிறகும் இரண்டு மூன்று செக்கன் பிடித்திருங்கோ.

செற் விஷயம் போகமுதல் பார்க்கவேண்டியது. ஜப்பானில் இருந்து வந்த ஒரிஜினல் நவிகேஷன் செற் சிலவற்றில் பற்றரி போனால் ஈஆர்சி என்று போட்டு கோட் கேட்கும். மப் எஸ்டி கார்ட் உள்ளே இல்லாவிட்டால் திறக்கவே மறுப்பதும் உண்டு. கோட் கையில் இல்லாவிட்டால் கழற்றாமல், சுவர்ப் பிளக்கில் வேலை செய்யும் சின்ன மெயின்ரனன்ஸ் சார்ஜர் ஒன்றைப் பூட்டிவிட்டுப் போவதே நல்லது. பார்க்கிங்கில் பிளக் இருக்கிறதா என்று முதலில் பாருங்கோ. மெமரி சேவர் (பற்றரி கழன்றிருக்கும்போது காருக்கு வேறிடத்திலிருந்து கரண்ட் கொடுக்கும் சின்னக் கருவி) வாங்கிக் குத்துவது இதற்கு உதவாது. அதைக் குத்தினால் கழற்றிக் கிடக்கும் பிளஸ் கேபிளிலும் கரண்ட் இருக்கும், பொடியில் முட்டினால் ஷோர்ட்.

காரோடு வராமல் பின்னாளில் தனியாகப் பூட்டின அலாரம் இருந்தால் மைனஸைக் கழற்றினதும் சைரன் அலறலாம். சிலதுக்குத் தனிப் பற்றரி உண்டு. சைரனிலேயே சின்னச் சாவித்துவாரம் இருக்கும், அதை ஓஃப் பண்ணிவிட்டு வேலையைத் தொடங்குங்கோ. கடைசியாகக் கதவைச் சாவியால் பூட்டவேணும், ரிமோட் வேலை செய்யாது. ரிமோட்டையே பாவித்து வந்த கார்களில் கதவுப் பூட்டு இறுகிப்போயிருக்கும். அதனால் மைனஸைத் தளர்த்த முதலே சாவி திரும்புகிறதா என்று ஒருக்கால் போட்டுப் பாருங்கோ.