நாடு நாடாக ஆடும் கால்பந்து வீரர்கள்: தாள், லோன், சம்பள பாக்கி – தெரிந்தவர்கள் எழுதுங்கள்

கோட்டோரம்:
நட்சத்திரங்களின் டிரான்ஸ்ஃபர் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு நாடு மாறி, பதினைந்து இருபது வருடம் தாக்குப்பிடிக்கிறவர்களைப் பற்றித்தான் ஒன்றும் கிடைப்பதில்லை. பார்த்தலோமியூ ஒக்பெச்சேயை எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) பார்க்கிற நமக்கு அவர் 63 கோல் அடித்தவர்: நார்த்ஈஸ்டுக்கு 12, கேரளாவுக்கு 15, மும்பைக்கு 8, ஹைதராபாத்துக்கு இரண்டு சீசனில் 28. இந்தியாவுக்கு 2018இல் வந்தபோது வயது 33. அதற்கு முன்பே பிரான்ஸ், அமீரகம், ஸ்பெயின், கிரீஸ், இங்கிலாந்து, நெதர்லாந்து எல்லாம் முடித்துவிட்டார். நைஜீரியாவுக்காக 2002 உலகக் கோப்பையில் இறங்கியபோது வயது 17. இப்படி ஒரு பயணம் நடைமுறையில் எப்படி நடக்கிறது? ஏஜென்ட் ஃபோன் செய்தார், விமானம் ஏறினார் என்பது வேண்டாம். எந்தத் தாள் எங்கே போகிறது, எங்கே மாட்டுகிறது என்று சொல்லுங்கள்.

பதிவேடு:
முதலில், இவர்களை யாரும் பெரிதாக விலை கொடுத்து வாங்குவதில்லை. நகர்வுகளில் பெரும்பாலானவை ஒப்பந்தம் முடிந்த பிறகு நடப்பவை. ஒப்பந்தம் முடிந்தும் கிளப் விலை கேட்கும் வழக்கம் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒழிந்தது 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் தந்த போஸ்மன் தீர்ப்பால். இப்போதைய ஃபிஃபா விதிப்படி, ஒப்பந்தத்தில் கடைசி 6 மாதம் இருக்கும்போதே அடுத்த கிளப்போடு கையெழுத்துப் போடலாம்.

நாடு மாறும்போது நடப்பது இது. புதிய கிளப் ஃபிஃபாவின் டி.எம்.எஸ். என்ற வீரர் மாற்றக் கணினியில் விவரத்தை ஏற்றும்: புதிய ஒப்பந்தம், அடையாளச் சான்று, பழைய ஒப்பந்தம் முடிந்ததற்கான ஆதாரம், வீரரின் பொருளாதார உரிமை (அவரை விற்றால் வரும் பணத்தில் பங்கு) மூன்றாம் நபர் யாரிடமும் இல்லை என்ற கையெழுத்து (2015 மே முதல் அப்படி வைத்திருப்பதற்குத் தடை). பிறகு புதிய நாட்டுச் சங்கம் பழைய நாட்டுச் சங்கத்திடம் சர்வதேச மாற்றுச் சான்றிதழ் கேட்கும். கட்டணம் கிடையாது, நிபந்தனை போடவும் கூடாது. இந்தக் கோரிக்கை பதிவுக் காலம் (புதிய வீரர்களைப் பதிய அனுமதிக்கும் மாதங்கள்) முடியும் நாளுக்குள் போயிருக்க வேண்டும். ‘ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று’ என்பதற்கு இங்கே மதிப்பில்லை. அட்ரியன் சில்வா 2017இல் போர்ச்சுகலின் ஸ்போர்டிங்கிலிருந்து இங்கிலாந்தின் லெஸ்டருக்குப் போனபோது தாள் 14 விநாடி தாமதம். மனு போட்டும் ஃபிஃபா இறங்கி வரவில்லை. 2018 ஜனவரி வரை பயிற்சி மட்டும்தான். பெரிய கிளப்புக்கே அப்படியென்றால், ஒரே எழுத்தரை வைத்து ஓட்டும் இரண்டாம் பிரிவு கிளப்பை நினைத்துப் பாருங்கள்.

பதிவுக் காலம் மூடுவதற்கு முன்பே ஒப்பந்தம் முடிந்து சும்மா இருப்பவரை அதன் பிறகும் பதிய வழி உண்டு. ஒக்பெச்சே விஷயத்திலேயே பாருங்கள். ஆட்டத்தை விலைபேசிய ஊழலில் கவாலா கிளப்பை 2011 ஆகஸ்டில் கிரேக்கச் சங்கம் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளியது. முந்தைய சீசன் அங்கே ஆடியிருந்த அவர், கையில் கிளப் இல்லாமல், அக்டோபரில் இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோவில் சேர்ந்தார்.

தென்பாதி:
மேலே விட்டுப்போன ஒன்று, கிளப் எண்ணிக்கை. ஒரு சீசனில் 3 கிளப்பில் பதியலாம், ஆனால் அதிகாரபூர்வ ஆட்டத்தில் இறங்குவது 2 கிளப்புக்கு மட்டும். இதில்தான் பலர் மாட்டுகிறார்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் ஏதோ ஒரு கோப்பை ஆட்டத்தில் கடைசி 10 நிமிடம் இறக்கிவிடுவார்கள். மாதக் கடைசியில் வேறு கிளப்புக்கு அனுப்புவார்கள். அங்கேயும் நான்கு ஆட்டம் ஆடி, ஜனவரியில் வேண்டாம் என்றால் மூன்றாவது கிளப்பில் பெயர் இருக்கும், களத்தில் இறங்க முடியாது. அந்த 10 நிமிடம் முழு கிளப்பாகக் கணக்காகிவிட்டது.

சீசன் காலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் நாடுகளுக்கு இதில் விலக்கு உண்டு. ஐரோப்பாவில் பெரும்பாலும் ஆகஸ்டிலிருந்து மே வரை. நார்வே, ஸ்வீடன் வசந்தத்தில் தொடங்கி நவம்பர் வாக்கில் முடிக்கும். நியூசிலாந்தில் உள்ளூர் லீக்குகள் அவர்கள் குளிர்காலத்தில், அதாவது ஐரோப்பா ஓய்வில் இருக்கும் மாதங்களில். இந்த இடைவெளியைப் பிழைப்பாகவே ஆக்கிக்கொண்டவர் ஜெர்மன் கோல்கீப்பர் லுட்ஸ் ஃபானன்ஸ்டீல். பயர்ன் மியூனிக்கின் அமெச்சூர் அணி அழைத்தபோது வேண்டாம் என்று 1993இல் மலேசியாவின் பினாங்குக்குப் போனவர். 2000களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு பார்க் அவென்யூவுக்கும் நியூசிலாந்தின் டனீடின் டெக்னிக்கலுக்கும் மாறி மாறி ஆடினார். இரண்டு குளிர்காலம், இரண்டு சம்பளம், ஓய்வு கிடையாது.

தென்னாப்பிரிக்கா, கனடா என்று போய், 2008இல் பிரேசிலின் ஹெர்மன் ஐஷிங்கர் கிளப்பில் இறங்கியதும் ஃபிஃபாவின் 6 கண்டக் கூட்டமைப்புகளிலும் தொழில்முறையாக ஆடிய முதல் ஆள் ஆனார். ‘சாதனை’ என்று போடுவார்கள். உள்ளே பார்த்தால் பாதிக்கு மேல் சின்ன கிளப்புகள், குறுகிய ஒப்பந்தங்கள். கோல்கீப்பர் என்பதால்தான் சாத்தியமும் ஆயிற்று. முதல் கீப்பர் அடிபட்டால் கிளப்புக்கு அவசரமாக ஒருவர் வேண்டும். ஆட்ட முறையோடு பொருந்த மூன்று மாதம் காத்திருக்கவும் வேண்டாம்.

இன்னொரு பக்கமும் உண்டு. சிங்கப்பூரில் கேலாங் யுனைடெட்டுக்கு ஆடியபோது ஆட்டத்தை விலைபேசியதாக வழக்கு, 2001இல் தண்டனை, 101 நாள் சிறை. செய்யவில்லை என்றே சொல்லிவருகிறார். வேலை அனுமதி, வீடு, வழக்கறிஞருக்குப் பணம் எல்லாம் கிளப்பை நம்பியிருக்கும் ஊரில், கிளப் கைவிட்டால் பின்னால் நிற்க ஆளில்லை. வீரர் சங்கம் இருக்கிற நாடா இல்லையா என்பதைச் சம்பளத்துக்கு முன்பே பார்க்க வேண்டும்.

ஒன்பதாம் நம்பர்:
கீப்பர் என்பதால்தான் என்றால், ஸ்ட்ரைக்கர் செபாஸ்டியன் அப்ரேயுவை எங்கே வைப்பீர்கள்? உருகுவேக்காரர். 2017இல் சிலியின் ஆடாக்ஸ் இத்தாலியானோவில் சேர்ந்தபோது 26வது கிளப், கின்னஸ் பதிவு. அதற்குப் பிறகும் நிற்கவில்லை, 2021 வரை ஆடினார். மொத்தம் 11 நாடு.

அவர் கணக்கு இவ்வளவு ஏறியதற்கு இரண்டு காரணம். ஒன்று லோன்: ஒப்பந்தம் ஒரு கிளப்பிடம் இருக்க, கொஞ்ச காலம் இன்னொரு கிளப்புக்கு ஆடுவது. 1998இல் ஸ்பெயினின் டெபோர்டிவோ லா கொருன்யா வாங்கியது. அங்கே ஆடியது கொஞ்சம்தான். பிரேசில், மெக்சிகோ, அர்ஜென்டினா, உருகுவே என்று லோனிலேயே சுற்றினார். இரண்டாவது, லத்தீன் அமெரிக்காவின் அரையாண்டு சாம்பியன்ஷிப்கள். அர்ஜென்டினாவில் அன்று ஒரு வருடத்தில் இரண்டு பட்டம், ஒவ்வொன்றும் 19 சுற்று. மெக்சிகோவிலும் அதே முறை. 19 ஆட்டத்துக்கு ஒரு ஸ்ட்ரைக்கர் வேண்டும் என்று கிளப் நினைக்கும், 6 மாத லோன் எடுக்கும், பட்டம் முடிந்தால் திருப்பி அனுப்பும். கிளப் தாவுகிறவர் என்று திட்டுகிறவர்கள் இந்த அட்டவணையைப் பார்ப்பதே இல்லை. 2010 உலகக் கோப்பைக் காலிறுதியில் கானாவுக்கு எதிரான கடைசிப் பெனால்ட்டியை மெதுவாகத் தூக்கிப் போட்டவரும் இவர்தான். சுற்றித் திரிந்ததால் தரம் குறைந்துவிட்டது என்று யார் சொன்னது?

இன்று அதே வழியில் போவது கடினம். 2022 ஜூலை முதல் சர்வதேச லோன் அதிகபட்சம் ஒரு வருடம். லோனில் வந்தவரை இன்னொரு கிளப்புக்கு மறு லோன் விடக் கூடாது. ஒரு கிளப் வெளியே விடுவதும் உள்ளே எடுப்பதும் 2024 ஜூலை முதல் தலா 6 பேர். 21 வயது வரையுள்ள, அதே கிளப்பில் வளர்ந்தவர்களுக்கு மட்டும் விலக்கு.

பாக்கி வசூல்:
அதிகம் கேட்கிற கேள்விக்கு வருகிறேன்: சம்பளம் வரவில்லை என்றால்? வீரர் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபிஃப்ப்ரோ 2016இல் எடுத்த கணக்கில் 41 சதவீதம் பேருக்குச் சம்பளம் தாமதமாகியிருந்தது. ஆக இது விதிவிலக்கு அல்ல, தொழிலின் ஒரு பகுதி.

வழி இதுதான். இரண்டு மாதச் சம்பளம் நின்றதும் கிளப்புக்கு எழுத்தில் நோட்டீஸ், குறைந்தது 15 நாள் அவகாசம். எந்த மாதம், எந்தத் தவணை, எவ்வளவு, எந்த வங்கிக் கணக்கு என்று துல்லியமாக. வாட்ஸ்அப்பில் ‘சார், பணம் எப்போ?’ என்று கேட்டது நோட்டீஸ் ஆகாது. 15 நாளிலும் வரவில்லை என்றால் ஒப்பந்தத்தை நியாயமான காரணத்தோடு முறித்து, ஃபிஃபாவின் தகராறு தீர்ப்பு மன்றத்தில் மனு. வீரருக்குக் கட்டணம் இல்லை. 2 வருடத்துக்குள் போட வேண்டும். வெளிநாட்டு வீரருக்கு மட்டுமே இந்த வழி. உள்ளூர் வீரர் அந்த நாட்டு அமைப்பிடம்தான் போக வேண்டும்.

தவறு நடக்கும் இடம் எப்போதும் ஒன்றே: நோட்டீஸ் இல்லாமல் ஊருக்குக் கிளம்பிவிடுவது. மூன்று மாதம் பட்டினி போட்டதே கிளப்பாக இருந்தாலும், ‘அனுமதியின்றிப் பயிற்சிக்கு வரவில்லை’ என்று எதிர்வழக்கு வரும். நோட்டீஸ் காலம் முடிகிற கடைசி நாள் வரை மைதானத்துக்குப் போங்கள். உள்ளே விடவில்லை என்றால் வாசலில் நின்று தேதியோடு படம் எடுத்து, அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள்.

அடுத்தது, இரண்டு ஒப்பந்தம். சங்கத்தில் பதிய ஒரு சின்ன தொகை, ‘படம், விளம்பர உரிமை’ என்ற பெயரில் பக்கத்தில் ஒரு பெரிய தொகை. பக்கத்துத் தாளில் கையெழுத்துப் போடுவது கிளப்பா, உரிமையாளரின் வேறு கம்பெனியா என்று பாருங்கள். கம்பெனி என்றால் கால்பந்து மன்றம் ‘இது எங்கள் வேலை இல்லை’ என்று சொல்ல வாய்ப்பு உண்டு. இரு மொழி ஒப்பந்தத்தில் எந்த மொழி செல்லும் என்று ஒரு வரி இருக்கும், அதையும் தேடுங்கள். தொகைக்குப் பக்கத்தில் ‘வரி போக’ என்ற சொல் இல்லையென்றால் வரி உங்கள் தலையில்.

கோட்டோரம்:
தீர்ப்பு வந்தும் கிளப் கட்டாவிட்டால்? கிளப்பையே மூடிவிட்டால்?

பாக்கி வசூல்:
45 நாள். கட்டாவிட்டால் புதிய வீரரைப் பதியத் தடை, 3 பதிவுக் காலம் வரை நீளலாம். ஜனவரி நெருங்கும்போது பல கிளப்புகள் திடீரென்று பணம் தேடிக் கண்டுபிடிப்பது இதனால்தான். வேறு பெயரில் திறந்தால், நிறம், சின்னம், மைதானம், வீரர்கள் எல்லாம் அதேதானா என்று பார்த்து, வாரிசு கிளப் என்று அதன் மேலேயே கடனை ஏற்றலாம். அடியோடு மூடிப்போனவர்களுக்காக ஃபிஃபாவும் ஃபிஃப்ப்ரோவும் 2020இல் 1.6 கோடி டாலரில் ஒரு நிதி தொடங்கின. முழுத் தொகை கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

அயலக இடம்:
ஆட்டத் திறமைக்கு முன்னால் பாஸ்போர்ட். ஐ.எஸ்.எல்.லில் 2021–22 முதல் களத்தில் 4 வெளிநாட்டவர்தான். இருக்கிற இடத்தை ஸ்ட்ரைக்கர், நடுத் தடுப்பாளர், ஆட்டத்தை நடத்தும் மிட்ஃபீல்டர் ஆகியோருக்கே கொடுப்பார்கள். வெளிநாட்டு விங் பேக்குக்கு வாய்ப்பு மிகக் குறைவு. ஆசிய லீக்குகள் பலவற்றில் ஓர் இடம் ஆசியக் கூட்டமைப்பு நாட்டவருக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். ஆஸ்திரேலியா 2006இல் ஓசியானியாவை விட்டு ஆசியாவில் சேர்ந்ததும் ஆஸ்திரேலியத் தடுப்பாளர்களுக்குத் திடீர் கிராக்கி வந்தது அதனால்தான். இங்கிலாந்து 2021 முதல் புள்ளிக் கணக்கு: நாட்டுக்காக ஆடியது, ஆடிய லீக்கின் தரம் எல்லாம் சேர்த்துப் பொதுவாக 15 புள்ளி வேண்டும். சின்ன லீக்குகளில் சுற்றுகிறவருக்கு அந்தக் கதவு ஏறக்குறைய மூடியாயிற்று.

பிசியோ மேசை:
மருத்துவப் பரிசோதனை பற்றி ஒருவரும் எழுதவில்லை. ‘பரிசோதனையில் தேறினால் ஒப்பந்தம் செல்லும்’ என்ற நிபந்தனையை ஃபிஃபா ஏற்பதில்லை. பரிசோதனை முதலில், கையெழுத்து பிறகு. வேலை அனுமதிக்கும் அதே விதி.

ஒரே உடம்பு ஒரு நாட்டில் தேறும், இன்னொன்றில் தேறாது. 2021இல் களத்தில் விழுந்த கிறிஸ்டியன் எரிக்சனுக்கு இதயத்தில் கருவி பொருத்தியபின் இத்தாலிய விதிப்படி தன் கிளப்பான இன்டரில் ஆட முடியவில்லை. 2022 ஜனவரியில் இங்கிலாந்தின் பிரென்ட்ஃபோர்டு எடுத்துக்கொண்டது. ஃபானன்ஸ்டீலும் 2002 டிசம்பர் 26 அன்று ஹாரோகேட்டுக்கு எதிரான ஆட்டத்தில் மோதலில் மூச்சு நின்று விழுந்தவர்; பிசியோ வாயில் ஊதி மீட்டார். சின்ன லீக்குக்குப் போகிறவர்கள் கேட்க வேண்டியது: மைதானத்தில் டிஃபிப்ரிலேட்டர் (நின்ற இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி) இருக்கிறதா, ஆம்புலன்ஸ் உள்ளே வர வழி இருக்கிறதா, காயக் காப்பீடு ஒப்பந்தம் முடிந்த பிறகும் சிகிச்சைக்குச் செல்லுமா. கடைசிக் கேள்விக்குத்தான் பெரும்பாலும் மழுப்புவார்கள்.

பதிவேடு:
நாட்டை விட்டுக் கிளம்பும்போது பெட்டியில் இருக்க வேண்டியவை: ஒப்பந்தம் முடிந்ததாகக் கிளப் முத்திரையோடு கடிதம், அந்த வருட வரி கட்டிய சான்று, ஸ்கேன் படங்களின் நகல் (அறிக்கை மட்டும் போதாது, படமே வேண்டும்), சமூகப் பாதுகாப்பு எண். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் கட்டிய ஓய்வூதிய வருடங்களைப் பின்னால் சேர்த்துக் கணக்கிடலாம், எண் தொலைந்தால் அலைச்சல்தான். நெதர்லாந்தில் ஆடியவர்கள் சம்பளத்தில் பிடித்த தொகை வீரர் நிதியில் தனியாக இருக்கும், ஆட்டத்தை விட்ட பிறகு வரும். முகவரி மாறினால் தெரிவிக்க வேண்டும். வங்கிக் கணக்கை மட்டும் மூடிவிடாதீர்கள். கடைசித் தவணையும் வெற்றி போனஸும் வந்து சேர மூன்று நான்கு மாதம் ஆகும், ‘கணக்கு இல்லை, பணம் திரும்பிவிட்டது’ என்பது கிளப்புக்குக் கிடைக்கும் மிக நல்ல சாக்கு.