இன்சூரன்ஸ் காட்டுகிற கராஜில் விட்டால் தலையிடி இல்லையாம்!

கொக்குவில்வாசி:
நேற்று வேறொரு திரியில் இன்சூரன்ஸ் ஏஜன்ற் பொலிசிக்காரன் எழுதியிருந்தார்: "கம்பனி காட்டுகிற கராஜிலேயே விடுங்கள், கையிலிருந்து காசும் போகாது, தலையிடியும் இல்லை." வாசித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. இதை நம்பி இன்னும் நாலு சனம் போய் மாட்டக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

கண்டி வீதியில் ஒரு லொறி என் ரொயோட்டா அக்சியோ காரின் இடப்பக்கப் பின்கதவை உரசிக்கொண்டு போய்விட்டது. கராஜைச் சொன்னது கம்பனி. எஸ்ரிமேற்றைப் பாஸ் பண்ணியதும் கம்பனி. அதில் கதவு மாற்றுவதாகத் தெளிவாக இருக்கிறது. இருட்டுப்படுகிற நேரத்தில் காரைத் தந்தார்கள். விடிய வெயிலில் பார்த்தால் கதவு ஒரு வெள்ளை, பக்கத்தில் மட்காட் இன்னொரு வெள்ளை. காரின் நிறம் 070 என்கிற இலக்க முத்து வெள்ளை. அடிநிறம், முத்துப் பூச்சு, கிளியர் என்று மூன்று தட்டு அடிக்க வேண்டும். பக்கத்துத் தகட்டிலும் கொஞ்சம் பரவ விட்டால்தான் நிறம் சேரும். இவர்கள் கதவோடு நிறுத்திவிட்டார்கள்.

பிறகு ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தத்தை வைத்துப் பார்த்தேன். முன்கதவில் டக்கென்று பிடிக்கிறது. பின்கதவில் கைப்பிடிக்குக் கீழே ஒரு சாண் அகலத்துக்கு வழுக்கி விழுகிறது. தகட்டின் பள்ளத்தை நிரப்ப அப்புகிற பசைதான் பட்டி, அது தடித்தால் காந்தம் பிடிக்காது. மாற்றிய கதவுக்கு எதற்குப் பட்டி?

கம்பனியைக் கேட்டால் கராஜைக் கேள் என்கிறது. கராஜைக் கேட்டால், கம்பனி பாஸ் பண்ணிய காசுக்கு இவ்வளவுதான் வேலை என்கிறது.

பொலிசிக்காரன்:
என் பெயரைப் போட்டு எழுதினபடியால் பதில் சொல்கிறேன். என்னிடம் கிளெயிம் செய்தவர்கள் சந்தோசமாகத்தான் போயிருக்கிறார்கள். நீங்கள் காரை எடுக்கும்போது படிவத்தில் கையெழுத்து வைத்தீர்களா இல்லையா? வைத்துவிட்டு இப்போது காந்தத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள்.

ரிங்கர்_சுன்னாகம்:
காந்தம் வைத்துப் பார்த்தாராம்! பட்டி இல்லாமல் ரிங்கரிங் வேலை எங்கே இருக்கிறது? தட்டி நிமிர்த்திய தகட்டில் அலை இருக்கும். அதைப் பட்டியால் நிரவித்தான் பெயின்ற் அடிப்பது. தொழில் தெரியாதவர்கள் காந்தத்தை வைத்துத் தொழில்காரனைப் பிழை சொல்ல வேண்டாம்.

கொக்குவில்வாசி:
மெல்லிய பட்டிக்கு மேல் காந்தம் பிடிக்கும், அண்ணை. சுவரில் தட்டிய வறட்டி மாதிரி அப்பினால்தான் விழும். இரண்டு மூன்று மில்லிமீற்றருக்கு மேல் பட்டி வைத்தால் ஒரு நாள் வெடிக்கும் என்பது உங்களுக்கே தெரியும். அதை விடுங்கள். எஸ்ரிமேற்றில் இருப்பது கதவை மாற்றுவது. மாற்றினால் எதற்கு அலை, எதற்கு நிரவல்?

ரிங்கர்_சுன்னாகம்:
புதுக் கதவு எந்தக் கடையில் தொங்குகிறது? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு பாவித்த சாமானுக்கே அடிபாடு. கொழும்பில் பாவித்த சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையில் இருந்து வருகிற கதவும் எங்கேயோ அடிபட்டுக் கழற்றினதுதான். அதில் முதலே பட்டி இருந்திருக்கும். உங்கள் காந்தம் அதைச் சொல்லுமா?

கொக்குவில்வாசி:
2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதியைத் திறந்தாகிவிட்டது. இன்னும் அந்தக் கதையையே சொல்கிறீர்கள். பழைய கதவுதான் கிடைத்தது என்றால் பூட்ட முதல் எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். கழற்றிய என் கதவையாவது காட்டியிருக்க வேண்டும். கேட்டேன். "எறிந்துவிட்டோம்" என்றார்கள்.

ரிங்கர்_சுன்னாகம்:
திறந்தது காருக்கு. உங்கள் கதவுக்கு இல்லை. காந்தத்துக்குப் பெயின்றும் தெரியாது, பட்டியும் தெரியாது.

தீவான்:
நான் வேலணை. பண்ணைப் பாலத்தால் தினமும் போய் வருகிறவன். உப்புக் காத்துக்கு என்ன நடக்கும் என்று எங்களைக் கேளுங்கள். பட்டி ஈரத்தை உறிஞ்சும். சரியாகப் பிறைமர் அடிக்காவிட்டால் உள்ளே கறள் பிடித்துப் பெயின்ற் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். இவர் சொல்வது சரி. மாரி வரட்டும், கதவின் கீழ்விளிம்பைப் பாருங்கள்.

லண்டன்_யாழ்:
இங்கே இப்படி இழுபட வேண்டியதில்லை. இன்சூரன்ஸ் தானே கராஜை ஏற்பாடு செய்தால், வேலை பிழைத்தாலும் அதுதான் பொறுப்பு. முறைப்பாட்டுக்குக் கம்பனி எட்டுக் கிழமைக்குள் முடிவான பதில் தர வேண்டும். பதில் சரியில்லை என்றால் ஆறு மாதத்துக்குள் முறைப்பாடுகளை விசாரிக்கிற நிதித்துறை ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். அங்கே இருப்பவர்களும் இப்படிக் கேட்கப் பழக வேண்டும்.

தீவான்:
வந்துவிட்டார். போன தடவை சோலர் திரியிலும் "அங்கே இருப்பவர்கள்" என்றுதான் தொடங்கினார். எங்களுக்குக் கேட்கத் தெரியாது என்று யார் சொன்னது? லண்டன் சட்டத்தை வைத்து யாழ்ப்பாணக் கதவைத் திறக்க முடியாது.

லண்டன்_யாழ்:
சோலர் திரியில் நீங்கள் கடைசிவரை பதில் சொல்லவில்லை. அதை எல்லாரும் பார்த்தார்கள்.

தீவான்:
பதில் சொன்னேன். வாசிக்க உங்களுக்கு நேரமில்லை.

வடமராட்சியான்:
ஒரு கதவுக்கு இவ்வளவு அமர்க்களமா? இப்படிச் சின்ன அடிக்குக் கிளெயிம் பண்ணி, கிளெயிம் செய்யாதவர்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கிற கழிவான நோ கிளெயிம் போனஸை இழப்பதை விட, ஸ்ரான்லி வீதியில் சாமானை வாங்கி, தெரிந்த பொடியனிடம் கொடுத்துச் செய்திருக்கலாம்.

கொக்குவில்வாசி:
எதற்கு நான் கைக்காசு போட வேண்டும்? வருடா வருடம் பிரீமியத்தை ஒரு நாள் பிந்தாமல் கட்டுகிறேன். கட்டுவது இந்த நாளுக்காகத்தான்.

லண்டன்_யாழ் சொல்வதை ஏன் தள்ளுகிறீர்கள்? சட்டம் அவருடைய ஊரினது, நியாயம் எந்த ஊருக்கும் பொருந்தும். கராஜை நான் தெரிந்தெடுக்கவில்லை. வேலைக்கு எவ்வளவு என்று நான் பேசவில்லை. காசு என் கையால் போகவில்லை. எல்லாம் கம்பனிக்கும் கராஜுக்கும் இடையில் நடந்தது. வேலை பிழைத்தவுடன் மட்டும் நானும் கராஜும் ஆளுக்காள் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். என்னை அங்கே அனுப்பியவன் பதில் சொல்ல வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கையெழுத்துக் கதைக்கும் வருகிறேன். நான் வைத்தது காரைப் பெற்றுக்கொண்டதற்கு. படிவம் முழுக்க ஆங்கிலம், தமிழில் ஒரு வரி இல்லை. கராஜுக்குள் ஒரு ரியூப் லைற் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் முத்து வெள்ளையில் வித்தியாசம் பிடிக்க யாரால் முடியும்? வைக்காவிட்டால் திறப்பைத் தர மாட்டோம் என்று நின்றார்கள்.

இதே நிலையில் இருப்பவர்கள் போனில் கத்தி மினக்கெட வேண்டாம். பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து, எஸ்ரிமேற் பிரதியையும் வைத்து, கம்பனிக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். மதிப்பீட்டாளரைத் திரும்ப அனுப்பிக் கதவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்கும் அசையாவிட்டால் நம் நாட்டிலும் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார். ஆனால் முதலில் கம்பனிக்கு முறைப்பாடு செய்திருக்க வேண்டும், அதனால்தான் எழுத்தில் என்கிறேன். 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் இருக்கிறது. கராஜின் வேலைக்குப் பாவனையாளர் அதிகார சபை, இலக்கம் 1977. இதையெல்லாம் பொலிசி விற்கும்போது எந்த ஏஜன்ற் வாய் திறந்து சொன்னார்?

பொலிசிக்காரன்:
கேட்டால் சொல்வோம். யாரும் கேட்பதில்லை. சரி, ஒம்புட்ஸ்மனிடம் போய்க் காந்தத்தை மேசையில் வைக்கப் போகிறீர்களா?

கொக்குவில்வாசி:
வைப்பேன். கதவையும் கொண்டுபோய் வைப்பேன். அன்றைக்கு நீங்களும் வந்து இதே கேள்வியைக் கேளுங்கள்.

ரிங்கர்_சுன்னாகம்:
முறையாகப் பார்ப்பதென்றால் பெயின்றின் தடிப்பை அளக்கிற மீற்றர் இருக்கிறது. மைக்ரோன் கணக்கில் காட்டும். அதால் அளந்துவிட்டு வாருங்கள், பேசலாம். காந்தத்தை நான் ஏற்க மாட்டேன்.

தீவான்:
மீற்றர் உங்கள் கராஜில் இருக்கிறதா, அண்ணை?

ரிங்கர்_சுன்னாகம்:
எனக்குக் கை போதும். தடவினால் தெரியும்.

கொக்குவில்வாசி:
உங்கள் கைக்குத் தெரிகிறது, என் காந்தத்துக்குத் தெரியக் கூடாதா? சுன்னாகத்துக்கே காரைக் கொண்டு வருகிறேன். தடவிப் பார்த்து, பட்டி இல்லை என்று இங்கே எல்லாருக்கும் முன்னால் எழுதுங்கள்.

ரிங்கர்_சுன்னாகம்:
வேறொருவன் செய்த வேலையைப் பற்றி நான் எழுதுவதில்லை. தொழிலில் அது வழக்கமில்லை.

வடமராட்சியான்:
அதுதான் சொன்னேன், தெரிந்த பொடியனிடம் கொடுத்திருக்கலாம் என்று.

லண்டன்_யாழ்:
சோலர் திரியின் இணைப்பைப் போடுகிறேன். யார் பதில் சொல்லவில்லை என்று எல்லாரும் பார்க்கட்டும்.

பொலிசிக்காரன்:
கொக்குவில்வாசி, எந்தக் கம்பனி என்று உள்பெட்டியில் சொல்லுங்கள். தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், கதைத்துப் பார்க்கிறேன். பொது இடத்தில் தொழிலைக் கெடுக்க வேண்டாம்.

கொக்குவில்வாசி:
தெரிந்தவர்களைப் பிடித்துக் கதவு மாற்ற நான் வரவில்லை. அந்தத் "தலையிடி இல்லை" என்ற பதிவை முதலில் திருத்துங்கள்.

பொலிசிக்காரன்:
திருத்த மாட்டேன். அதில் பிழை இல்லை.